டீசல் இருந்த தம்பி, தண்ணீர் இருந்த அண்ணன்

போன மாதம் தி. நகரில் இருக்கும், ஜெனரேட்டர் வைத்துக் கொடுக்கும் எங்கள் பழைய கம்பெனியில் என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பேசுவதற்கு முன்னால், புதிதாக வாங்கியிருக்கும் ஒரு சாஃப்ட்வேரைப் பெருமையாகக் காட்டினார்கள். கட்டடத்தின் பரப்பு, மாடிகள், ஏசி, லிஃப்ட் என்று வரிசையாகத் தட்டினால் போதும். கரண்ட் போனால் எந்த அளவு ஜெனரேட்டர் வேண்டும், அது ஓட ஆரம்பிக்கும்வரை எதெது பேட்டரியில் நிற்க வேண்டும் என்று அதுவே சொல்லிவிடுகிறது. கலர் கலராகப் படமும் போடுகிறது.

"மேடம், இதெல்லாம் இல்லாம உங்க காலத்துல எதெதுக்கு எவ்வளவு கரண்ட் வேணும்னு, அந்த லோடு, எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"கரண்டை நிறுத்திப் பார்ப்போம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் ஜோக் அடிக்கவில்லை. அதை அன்றைக்கு விளக்க நேரமில்லாமல் போனது. அதனால் எழுதுகிறேன்.

நான் சிந்தாதிரிப்பேட்டையில் வளர்ந்தவள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிகல் டிப்ளமா. கம்பெனியில் என்னை எடுத்தது கொட்டேஷன் டைப் அடிக்க. சைட்டுக்கு அனுப்புவதாக யாருக்கும் யோசனை இல்லை. பெண்பிள்ளை எப்படி ஜெனரேட்டர் ரூமுக்குள் போகும் என்று மேனேஜர் கவலைப்பட்டார். எங்கள் டிசைன் பிரிவுத் தலைவர் சேஷாத்ரி சார்தான், "போகட்டுமே. உள்ள வந்தது ஆணா பொண்ணான்னு ஜெனரேட்டருக்குத் தெரியப்போறதா என்ன?" என்றார். என் பெண்ணுரிமைப் போராட்டம் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்தது. இரண்டு வருஷம் அவர் பின்னால் டேப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

சேஷாத்ரி சார் மயிலாப்பூர்க்காரர். வெயிலோ மழையோ கையில் குடை இருக்கும். வாடிக்கையாளர் இடத்தில் உட்கார மாட்டார், காபி குடிக்க மாட்டார். "காபி குடிச்சுட்டா அவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டத் தோணும்" என்பார். அந்த இடத்து முதலாளி ஒரு பட்டியல் கொடுப்பார்: இதற்கெல்லாம் கரண்ட் வேண்டும், இதற்கெல்லாம் வேண்டாம். சார் அதை மரியாதையாக வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு குடையால் மெயின் சுவிட்சைக் காட்டி, "இதைச் சித்த நேரம் அணைக்கலாமா?" என்று கேட்பார்.

கடை காலியாக இருக்கும்போது கேட்க மாட்டார். கூட்டம் நெரியும்போது கேட்பார். முதலாளிக்கு முகம் மாறிவிடும்.

"எப்படியும் ஒருநாள் சொல்லாம கொள்ளாம போகத்தான் போறது. இன்னிக்கு நாங்க இருக்கறச்சே போனா உங்களுக்கு நல்லதுதானே?" என்பார் சார். முதலாளியே போய் மெயினில் கை வைப்பார்.

தி. நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடை. முதலாளி கொடுத்த பட்டியலில் முதலில் இருந்தது வாசல் போர்டு. அடுத்தது ஏசி, அடுத்தது பில் போடும் கம்ப்யூட்டர்கள். சார் மெயினை அணைக்கச் சொன்னார். கடை இருண்டது. "பத்மா, மெஷினைப் பாக்காதே. மனுஷா எங்க ஓடறான்னு பாரு" என்று என் காதருகே சொன்னார். பார்த்தேன். முதலாளி கல்லாவுக்கு ஓடினார். விற்பனைப் பெண்கள் விரித்த புடவைகளின் மேல் குனிந்துகொண்டார்கள். வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வந்தார்கள். அந்தப் படியில் ஜன்னல் கிடையாது, கும்மிருட்டு. மேலிருந்து ஒரு கூட்டமும் கீழிருந்து ஒரு கூட்டமும் நடுவில் முட்டிக்கொண்டு, ஒரு அம்மா "நெருக்காதீங்க, குழந்தை, குழந்தை!" என்று கத்தினார்.

சார் உடனே மெயினைப் போடச் சொன்னார். பையிலிருந்த பட்டியலை எடுத்து, எல்லாவற்றுக்கும் மேலே "படிக்கட்டு" என்று எழுதினார். முதலாளி எட்டிப் பார்த்து, "போர்டு இருக்குல்ல சார்?" என்றார்.

"இருக்கு. கடைசில இருக்கு."

இப்படித்தான் லோடு கண்டுபிடித்தோம். புதிய சாஃப்ட்வேரில் படிக்கட்டு என்று ஒரு கட்டம் இருக்கிறதா என்று தேடினேன். 'பொது விளக்குகள்' என்று இருந்தது. அதைத் தட்டாவிட்டாலும் அது கோபித்துக்கொள்வதில்லை.

இனி நான் சொல்ல வந்த கதை. இதில் இரண்டு டாக்டர்கள் வருகிறார்கள். கூடப் பிறந்த அண்ணன் தம்பி. இருவரும் இன்னும் தொழிலில் இருப்பதால் பெரிய டாக்டர், சின்ன டாக்டர் என்றே சொல்கிறேன். அவர்களுடைய அப்பாவும் டாக்டர், மயிலாப்பூரில் கிளினிக் வைத்திருந்தவர். அவர் காலமானதும் வாசலில் இருந்த அவருடைய பெயர்ப்பலகை யாருக்கு என்று தொடங்கிய தகராறில் பேச்சு நின்றுபோனது. பெரியவர் அடையாறில் டயாலிசிஸ் மையம் திறந்தார். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இடம். சின்னவர் அதையே வேளச்சேரியில் திறந்தார். இருவரும் மின்சாரத்துக்கு எங்களிடம் வந்தார்கள். தொழில்நுட்பக் கேள்வி என்று இருவரும் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்க என்ன சைஸ் போட்டிருக்காங்க?"

சின்னவர், ஜெனரேட்டரைக் கீழே அண்டர்கிரவுண்டில் வைக்கச் சொன்னார். வேளச்சேரியில் கார்த்திகை மாதத்தைப் பார்த்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். சார் தரையின் மட்டம், தெருவின் மட்டம் எல்லாம் படம் போட்டு விளக்கினார். சின்னவர் அசையவில்லை. முன்பக்கம் மெடிக்கல் ஷாப்புக்கு வேண்டுமாம். சார் படத்தைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டவர், வாசலில் நின்று குடையை விரித்தபடி, ஏதோ ஞாபகம் வந்ததுபோல், "அக்னி மூலை எதுன்னு பாத்தேளோ டாக்டர்? தென்கிழக்கு. நெருப்பு சம்பந்தப்பட்டது பள்ளத்துல இருக்கப்படாதும்பா. உசரத்துல இருக்கணும். உங்க இஷ்டம்" என்றார்.

மறுநாளே ஃபோன் வந்தது. தென்கிழக்கு மூலையில் ஆள் உயரத்துக்கு மேடை கட்டி, அதன் மேல் ஜெனரேட்டரை வைக்கச் சம்மதம்.

"எந்த சாஸ்திரம் சார் அது?" என்று கேட்டேன்.

"வேளச்சேரி சாஸ்திரம்" என்றார்.

எங்கள் சந்தோஷம் ஒரு வாரம்தான். சின்னவர் முழு நம்பிக்கை வந்து, நிஜமான வாஸ்து நிபுணர் ஒருவரையே கூட்டிவந்துவிட்டார். அவர் ஜெனரேட்டர் மேடையைப் பாராட்டினார். கூடவே, தண்ணீர் ஈசான்ய மூலையில்தான் இருக்க வேண்டும், அதுவும் பள்ளத்தில் என்றார். டயாலிசிஸுக்குச் சாதாரணத் தண்ணீர் ஆகாது. அதைச் சுத்திகரிக்கத் தனி பிளான்ட் வேண்டும். மொட்டை மாடிக்குப் போக வேண்டிய அந்த பிளான்ட், வடகிழக்கு மூலையில் அண்டர்கிரவுண்டுக்கு இறங்கியது. சார் ஓடிப்போய்த் தடுத்துப் பார்த்தார். "நீங்கதானே சார் வாஸ்துவே சொன்னீங்க?" என்றார் சின்னவர், உண்மையான வருத்தத்தோடு.

விஷயம் அடையாறுக்கு எட்டியது. பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஜாதகம் பார்த்து ஜெனரேட்டர் வைக்கிறானா? எனக்கு சயின்ஸ் போதும்மா." அவருடைய சயின்ஸ்படி, சத்தமும் புகையும் நோயாளிகளுக்குக் கேடு. அதனால் ஜெனரேட்டர் அண்டர்கிரவுண்டில். மழை வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "அடையாறுல எங்கம்மா தண்ணி நிக்கும்?" என்றார். பக்கத்தில் ஆறு ஓடும் ஊருக்கு அந்த ஆற்றின் பெயரையே வைத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது? கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பேனலை மட்டுமாவது முதல் மாடியில் வையுங்கள் என்றேன். கீழே கார் நிறுத்த இடம் கிடைக்கும் என்று அதற்கு ஒத்துக்கொண்டார். தண்ணீர் பிளான்ட், தம்பி கீழே வைத்தான் என்பதற்காகவே இரண்டாவது மாடிக்குப் போனது.

சேஷாத்ரி சார் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலி எனக்கு வந்தது. சில வருஷம் கழித்து, ஊரையே முழுகடித்த அந்த மழை வந்தது.

அது எப்படிப்பட்ட மழை என்று சென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் அபிராமபுரத்தில் என் வீட்டு ஃபோன் அடித்தது. செல்ஃபோன்கள் செத்துக் கிடந்தன. சின்ன டாக்டர் பேசினார்.

"மேடம், ஜெனரேட்டர் சூப்பரா ஓடுது. ஆனா தண்ணி இல்ல."

"தண்ணி இல்லையா? வேளச்சேரியிலயா?"

"சுத்தி இடுப்பளவு நிக்குது. பிளான்ட் முழுகிடுச்சு. மெஷினுக்கு ஒரு சொட்டு இல்ல."

கரண்ட் இருந்ததால், மெஷினில் இருந்தவர்களுடைய ரத்தத்தை ஒழுங்காக உடம்புக்குத் திருப்பிவிட்டு இறக்கிவிட்டார்கள். அடுத்த முறைக்காக, தண்ணீர் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டவர்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் குமாரி அக்கா என்று ஒருவர். ஆற்றோரக் குடிசையிலிருந்து ஊருக்கு வெளியே மாற்றப்பட்டவர். பஸ் மாறி மாறி வந்து டயாலிசிஸ் செய்துகொள்பவர். போன முறை மழையால் வர முடியவில்லை. இப்போது முகம் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார் சின்னவர். "இன்னைக்குப் பண்ணலைன்னா தாங்க மாட்டாங்க மேடம். எந்த ஆஸ்பத்திரிக்கும் லைன் கிடைக்கல."

பெரியவருடைய தண்ணீர் பிளான்ட் இரண்டாவது மாடியில் இருப்பது நினைவுக்கு வந்தது. நான் அடையாறுக்குக் கிளம்பினேன். பாலத்தில் ஒரு பக்கம் மட்டும் விட்டிருந்தார்கள். கீழே ஆறு பழுப்பாக, சத்தமே இல்லாமல், பயப்படும்படி போய்க்கொண்டிருந்தது.

பெரிய டாக்டர் முதல் மாடியில், இருண்ட வரவேற்பறையில், தன்னுடைய நோயாளிகளுக்கு நடுவில் நின்றிருந்தார். மேலே தொட்டி நிறையத் தண்ணீர், பிளான்ட் பத்திரம். கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் கீழே முழுகி, மேலே எண்ணெய்ப் படலம் வானவில் மாதிரி மிதந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், "அப்பவே சொன்னேனேன்னு சொல்லிடாதம்மா" என்றார். சொல்லவில்லை.

நல்ல வேளையாக அங்கே லேண்ட்லைன் வேலை செய்தது. வேளச்சேரிக்கு ஃபோன் போட்டுவிட்டு அவரைப் பார்த்தேன்.

"சார், உங்க தம்பி லைன்ல இருக்கார்."

"எனக்குத் தம்பி கிடையாது."

"சரி சார். எங்க வேளச்சேரி கஸ்டமர் ஒருத்தர் லைன்ல இருக்கார்."

"கஸ்டமரா? அது பரவாயில்ல. என்ன வேணுமாம்?"

குமாரி அக்காவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த நொடி அந்த முகம் வேறாகிவிட்டது. "ரத்தத்துல பொட்டாசியம் ஏறியிருக்கும், இதயமே நின்னுடும். வரச்சொல்லு. எத்தனை பேர் இருந்தாலும் வரச்சொல்லு. இதுல கேக்க என்ன இருக்கு?" என்றவர், உடனே சுதாரித்துக்கொண்டு, "கஸ்டமர்கிட்ட சொல்லு, கரண்ட் இல்லாம நான் என்ன பண்றதுன்னு" என்றார்.

"அடையாறு பார்ட்டி என்ன சொல்றார்?" என்றது ஃபோன்.

"வரச்சொல்றார். கரண்ட் நான் பார்த்துக்கறேன். உங்ககிட்ட டீசல் எவ்வளவு இருக்கு?"

"டேங்க் ஃபுல்லா இருக்கு மேடம். அவரோடதைவிடப் பெரிய டேங்க்கா போட்டேனே, ஞாபகமில்லையா?"

ஞாபகம் இருந்தது. பெட்ரோல் பங்க்குகள் எல்லாம் மூடிக் கிடந்த அன்றைக்கு, அந்தப் பொறாமையின் அளவு எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

இனி ஓடுகிற ஒரு ஜெனரேட்டர் வேண்டும். வாடகைக்கு விடுபவர்கள் எல்லோரும் கையை விரித்தார்கள். அப்போதுதான் தேசிங்கு நினைவுக்கு வந்தார். சினிமா ஷூட்டிங்குக்கு ஜெனரேட்டர் வேன் ஓட்டுபவர். கல்யாண மண்டபங்களுக்கும் வருவார். அப்படித்தான் பழக்கம். வடபழனியில் அவர் வீட்டுக்குப் பேசினேன்.

"வண்டி சும்மாதான் நின்னுகினு கீது மேடம். மழைப் பாட்டு எடுக்கணும்னு கூப்டாங்கோ. நெஜ மழை வந்துட்சின்னு பேக்கப் சொல்ட்டாங்கோ."

"அடையாறுக்கு வர முடியுமா? ஆஸ்பத்திரிக்கு."

"ஆஸ்பத்திரிக்கா? இன்னா மேடம் கேட்டுகினு. வழி இருந்தா வரேன், இல்லாங்காட்டி வழி பண்ணிகினு வரேன்."

அவர் வந்து சேர்வதற்குள் தரமணி வழியாக ஒரு டிப்பர் லாரி வந்தது. வேளச்சேரியில் பக்கத்து மனையில் மணல் கொட்ட வந்து மாட்டிக்கொண்ட லாரி. சின்ன டாக்டர் அதைக் கெஞ்சிப் பிடித்திருந்தார். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் நோயாளிகள், அவர்கள் தலைக்கு மேல் ஒரு தார்ப்பாய், ஒரு ஓரத்தில் டீசல் கேன்கள். நடுவில் சின்ன டாக்டர், பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு, குமாரி அக்காவின் நாற்காலியைப் பிடித்தபடி நின்றிருந்தார். அண்ணனுடைய கட்டடத்துக்குள் அவர் வருவது அதுதான் முதல் தடவை.

தேசிங்கு வந்து சேர்ந்ததும், அவருடைய வேனிலிருந்து கேபிளை முதல் மாடி ஜன்னல் வழியாக இழுத்துப் பேனலில் கொடுத்தோம். பேனல் மேலே இருந்ததற்குக் காருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது. மூன்று ஃபேஸ் ஒயர்களையும் வரிசை மாற்றிக் கொடுத்துவிட்டால் விளக்கு எரியும், கம்ப்யூட்டர் ஓடும், எல்லோரும் கைதட்டுவார்கள். மோட்டார் மட்டும் தலைகீழாகச் சுற்றும். அதனால் முதலில் பம்பை மட்டும், கண் சிமிட்டும் நேரத்துக்குப் போட்டுப் பார்த்தேன். தலைகீழாகத்தான் சுற்றியது. நிறுத்தி, இரண்டு ஒயர்களை மாற்றி மறுபடி போட்டேன். தண்ணீர் ஏறும் சத்தம் குழாயில் கேட்டது. அதற்கப்புறம் மெஷின்கள், ஒவ்வொன்றாக.

"ஏசி?" என்றார் பெரியவர்.

"ஏசி இல்லைன்னா இன்னும் ரெண்டு மெஷின் போடலாம் சார்."

அவரே போய் ஜன்னலைத் திறந்துவிட்டார்.

எல்லோருக்கும் பாதி நேரம், முதலில் குமாரி அக்கா என்று முடிவானது. படுக்கைக்கு அந்தப் பக்கம் பெரியவர், இந்தப் பக்கம் சின்னவர். நடுவில் மெஷினில் அந்த அம்மாளின் ரத்தம் சுற்றிக்கொண்டிருந்தது.

"சிஸ்டர், பிரஷர் எவ்வளவுன்னு அவரைப் பார்க்கச் சொல்லுங்க" என்றார் பெரியவர்.

"சிஸ்டர், குறையுதுன்னு சொல்லுங்க. ஸ்பீடைக் கம்மி பண்ணச் சொல்லுங்க" என்றார் சின்னவர்.

நர்ஸ் இப்படியும் அப்படியும் திரும்பித் திரும்பிக் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். கண்ணை மூடிக் கிடந்த குமாரி அக்கா ஒரு கண்ணைத் திறந்தார்.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் கிட்டக்கத்தானே நிக்கிறீங்கோ? என் ரத்தம் வெளியே ஓடிக்கினு கீது. நீங்கோ தபால் போட்டுக்கினு கீறீங்களே!"

தபால் அதோடு நின்றது. ஒருவர் பிரஷர் பார்த்து விரலைக் காட்ட, மற்றவர் மெஷினில் திருகினார். சாயங்காலத்துக்குள் குமாரி அக்காவால் தலையணை இல்லாமல் படுக்க முடிந்தது. "இப்பத்தான் மூச்சு உள்ள போவுது" என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார். நான் போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.

வேளச்சேரியில் தண்ணீர் வடியும்வரை அப்படியே ஓட்டினோம். தம்பியின் டீசல், அண்ணனின் தண்ணீர், சினிமாவின் ஜெனரேட்டர். வந்த நோயாளிகளில் ஒருவரைக்கூட நாங்கள் இழக்கவில்லை. தண்ணீர் வடிந்ததும் இருவரும் தனித்தனியாக என்னைக் கூப்பிட்டார்கள். சின்னவர் பிளான்ட்டை மாடிக்கு ஏற்றினார். வாஸ்து நிபுணரே வந்து அதற்கும் ஒரு பரிகாரம் சொன்னாராம். பெரியவர் ஜெனரேட்டரை மேடை மேல் வைத்தார், அதே தென்கிழக்கு மூலையில். "காத்தோட்டம் அங்கதான் நல்லா இருக்கு, சயின்ஸ்" என்றார். எங்கள் கம்பெனியில் அந்த வருஷம் விசாரித்தவர்களில் பாதிப் பேர், அக்னி மூலை ஜெனரேட்டர் உங்களிடம்தானே கிடைக்கும் என்று கேட்டார்கள்.

மயிலாப்பூரில் ஒரு குடியிருப்போர் சங்கம், மழையில் உதவி செய்தவர்களுக்கு ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா எடுத்தது. அண்ணன் தம்பி ஒற்றுமைக்கு இவர்கள்தான் உதாரணம் என்று தலைவர் மைக்கில் உருகினார். மேடையில் ஒருவர் இந்தக் கோடியிலும் ஒருவர் அந்தக் கோடியிலும் உட்கார்ந்து, தலைவரை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னாடை போர்த்திக் கேடயம் கொடுத்து, இருவரையும் பக்கவாட்டுப் படி வழியாக இறங்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

மைக் நின்றது, மின்விசிறி நின்றது. ஜன்னல்களில் திரை போட்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை. மண்டபத்து ஜெனரேட்டர் எங்கள் கம்பெனி வைத்ததில்லை. வெளியே யாரோ அதை ஸ்டார்ட் செய்யப் பார்த்தார்கள். அது இருமியது, அடங்கியது. அந்தப் படிகளை ஒட்டித்தான் நான் உட்கார்ந்திருந்தேன். இருவரின் குரலையும் வருஷக்கணக்கில் இங்குமங்கும் சுமந்தவள் நான். எனக்குச் சந்தேகமே இல்லை.

"பார்த்துடா. இங்க ஒரு படி இருக்கு" என்றார் பெரிய டாக்டர்.

"எங்கண்ணா?" என்று சின்ன டாக்டரின் குரல் கேட்டது.

"கையைக் குடு."

வெளியே ஜெனரேட்டர் மறுபடி இருமி, பிடித்துக்கொண்டது. விளக்குகள் எரிந்தன. பெரியவர் கேடயத்தோடு முன்வாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். சின்னவர் பக்கவாசலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். போன கரண்ட் எவ்வளவு சீக்கிரம் வரும் என்பதற்காகவே வாழ்நாள் முழுக்கக் கவலைப்பட்டவள் நான். அன்றைக்கு மட்டும் அந்த ஜெனரேட்டர் இன்னும் கொஞ்சம் மக்கர் பண்ணியிருக்கலாம்.